முதலில் வட்டம், அப்புறம் எடை!

யாரைப் பார்த்தாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வண்டியை நேர்ச்சாலையில் சும்மா ஓட்டிக்கொண்டு போவதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது! எங்கள் மோட்டார்ஹோமின் முன்சக்கரங்கள் இரண்டையும் வட்டம் பார்த்து, ரிம்மோடு பொருத்தம் பார்த்து, அதற்கப்புறம் மெஷினில் சுழற்றி பேலன்ஸ் செய்து மாட்டியிருக்கிறார் ஒரு டெக்சஸ் மெக்கானிக். அந்த நிமிடத்திலிருந்து நான் வேறு வண்டி ஓட்டுகிறேன். அதே இன்ஜின், அதே ஸ்டீரிங், அதே டயர்கள்தான்.

மோட்டார்ஹோம் என்பது சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாவற்றோடும் தானே ஓடுகிற வீடு. எங்களுடையது ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ் மேல் கட்டியது. டெலிவரி லாரிகளுக்கும் இதே வம்சத்து சேஸிஸ்தான். முழுச்சுமையில் 22,000 பவுண்டு வரை போகலாம், ஏறக்குறைய 10 டன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு. டயர் அளவு 235/80 ஆர் 22.5. ரிம் மட்டுமே இருபத்திரண்டரை அங்குலம். நிறுத்தி வைத்தால் டயர் என் இடுப்பைத் தொடும். இவ்வளவு பெரிய உருளையில் சின்னக் கோணல் இருந்தாலும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வீடு முழுவதும் அதைச் சொல்லிக் காட்டும்.

எங்கள் வீடும் சொல்லிக் காட்டியது. 55 மைல் வேகத்தைத் தாண்டியதும் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் சலசலக்கும். பக்கக் கண்ணாடிகளில் பின்னால் வரும் லாரி இரட்டையாகத் தெரியும். ஸ்டீரிங் உள்ளங்கையில் குறுகுறுக்கும். "என்னங்க, இது ரோடா, வண்டியா?" என்று மனைவி கேட்பார். கேள்வி நியாயமானதுதான். டெக்சஸின் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் பலகைக்குப் பலகை இணைப்பு வரும், அதுவும் தடதடக்கும். ஆனால் சாலை மாறினாலும் எங்கள் நடுக்கம் மாறவில்லை. வேகம் மாறினால்தான் மாறியது. அப்படியென்றால் குற்றம் சுழல்கிற ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எது சுழல்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதே எனக்குக் கிடைத்த முதல் பரவசம்! கைபேசிக்குள் அதிர்வை அளக்கும் சில்லு ஏற்கெனவே இருக்கிறது. நொடிக்கு எத்தனை துடிப்பு என்று காட்டும் செயலி ஒன்றை இறக்கி, கைபேசியைத் தரையில் ஒட்டிவைத்து, மனைவியைப் பார்க்கச் சொன்னேன். இந்த டயர் ஒரு மைலில் சுமார் 550 முறை சுற்றும். 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு மைல்; அப்படியானால் நொடிக்கு 9 சுற்று. பின் அச்சின் பல்விகிதம் 4.88 என்பதால், அதைச் சுழற்றும் நீள ஷாஃப்ட் நொடிக்கு 45 முறை போலச் சுற்றும். கைபேசித் திரையில் 45 பக்கம் அமைதி. 9இல் மட்டும் ஒரு கோபுரம் எழுந்து நின்றது. குற்றவாளி சக்கரம்தான்! ஸ்டீரிங்கிலேயே தெரிவதால் முன்சக்கரம் என்று சந்தேகப்பட்டோம்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: பேலன்ஸ் முறைகளைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். அடேயப்பா, அது ஒரு தனி உலகம்! லாரிக்காரர்கள் ஒரு கட்சி, மோட்டார்ஹோம்காரர்கள் பல கட்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தியப் பிரமாணம்.

முதல் கட்சி, பழைய முறை. சக்கரத்தைக் கழற்றி மெஷினின் தண்டில் மாட்டிச் சுழற்றுவது. எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் இளப்பம் என்று மெஷின் சொல்லும். இளப்பமான இடத்தில் ஒரு கட்டியைச் சுத்தியால் தட்டி ரிம்மின் ஓரத்தில் மாட்டுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் கட்டி ஈயம். சாலையில் கழன்று விழுந்து பொடியாகி மண்ணில் கலப்பதால் கலிஃபோர்னியா 2010இலும் வாஷிங்டன் மாநிலம் 2011இலும் ஈயத்தை விலக்கின. இப்போது இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்தில்.

இரண்டாவது கட்சி, டயருக்குள் மணி போடுவது. கண்ணாடி அல்லது பீங்கான் குருணைகளை, இந்த அளவு டயருக்குப் பத்து அவுன்ஸ் வாக்கில், உள்ளே கொட்டிவிடுவார்கள். கனடாவின் கவுன்டராக்ட் நிறுவனம் கண்ணாடி மணிகளுக்குப் பேர்போனது. பென்சில்வேனியாவிலிருந்து வரும் ஈக்வல் என்ற துகளும் லாரிக்காரர்களுக்குப் பழக்கம். சுழலும்போது மணிகள் தானாகவே போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துகொள்ளும். டயர் தேயத் தேய அவையும் இடம் மாறிக்கொள்ளும்.

மூன்றாவது கட்சி, வளையம். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு தகட்டை மாட்டுவது. தகட்டின் ஓரமெல்லாம் ஒரு குழாய். அதற்குள் திரவத்தில் உருளும் உலோகக் குண்டுகள். சென்ட்ராமேட்டிக் என்ற பெயர் அமெரிக்க லாரி நிறுத்தங்களில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒருமுறை மாட்டினால் டயர் எத்தனை மாறினாலும் தகடு இருக்கும்.

நான்காவது, கழற்றாமலே பேலன்ஸ் செய்வது. சக்கரத்தை வண்டியிலேயே தூக்கி நிறுத்தி, ஒரு மோட்டாரால் உருட்டி, மின்னிமின்னி எரியும் விளக்கில் கனமான இடத்தைப் பிடிப்பார்கள். பிரேக் டிரம் அல்லது டிஸ்க், ஹப் எல்லாம் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும். ஆனால் அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றி வேறு போல்ட்டில் மாற்றி மாட்டினால் கணக்கு போச்சு.

இவற்றில் மணியும் வளையமும் எனக்குக் கண்ணைப் பறித்தன. அவற்றின் பின்னால் உள்ள இயற்பியல் அவ்வளவு அழகு! ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த தெர்ல் என்ற பொறியாளர் 1932இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். சுழலும் பொருளுக்கு இயல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்குக் கீழே, சுதந்திரமாக உருளும் குண்டுகள் கனமான பக்கமே ஓடிச் சேரும். அதாவது நிலைமையை மோசமாக்கும். அந்த வேகத்தைத் தாண்டியதும் அவையே இளப்பமான பக்கம் போய் உட்காரும். வாஷிங் மெஷின் டிரம்மின் விளிம்பில் நீர் அடைத்த வளையம் இருக்கிறதே, ஒரு பக்கமாகச் சுருண்ட ஈரப் போர்வையைச் சமாளிக்க அது செய்வதும் இதே வேலைதான். ஆனால் வாஷிங் மெஷின் டிரம் தன் ஆட்ட வேகத்தை நொடியில் தாண்டிப் போய்விடும். கனமான அச்சும் சக்கரமும் சேர்ந்து துள்ளும் இயல்பு வேகமோ நெடுஞ்சாலை வேகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கக்கூடியது. மணி ஒரு வண்டியில் அற்புதமாகவும் இன்னொரு வண்டியில் ஒன்றுமே செய்யாமலும் இருப்பதாக ஆளுக்கொரு கதை சொல்வதன் ரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு காகிதத்தில் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். என் முடிவை மாற்றியது அந்தக் கணக்குதான். உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

ரிம்மின் விளிம்பில் 100 கிராம் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மைல் வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 10 கிலோ. நொடிக்கு 9 முறை, மேலும் கீழுமாக. வேகம் 45க்குக் குறைந்தால் அது ஐந்தரைக் கிலோவாகிவிடும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். சரி, இது எடையின் கதை.

இப்போது வட்டத்தின் கதை. என் முன்டயர் ஒவ்வொன்றும் சுமார் 1,800 கிலோ தாங்குகிறது. அந்தச் சுமையில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே நசுங்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் நசுங்க 60, 70 கிலோ வேண்டும். அப்படியென்றால் டயர் வட்டத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் மேடிட்டிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அறுபது கிலோவுக்குக் குறையாத ஒரு குத்து! அச்சு கொஞ்சம் மேலே விலகிக் கொடுக்கும் என்பதால் முழுக் குத்தும் வண்டிக்குள் வராது. ஆனாலும் 100 கிராமின் 10 கிலோ இதன் முன்னால் எம்மாத்திரம்? மேட்டை எந்தக் கட்டியாலும் சரிசெய்ய முடியாது. மணியாலும் வளையத்தாலும்கூட முடியாது, ஏனென்றால் அது எடைப் பிரச்சினையே இல்லை. கோணல் டயரைத் துல்லியமாக பேலன்ஸ் செய்தாலும் அது பேலன்ஸ் ஆன கோணல் டயர்தான்!

அப்போதே தீர்மானித்துவிட்டேன். முறை எது என்பது இரண்டாவது கேள்வி. முதலில் வட்டம். வட்டத்தை அளந்து பார்க்கிற ஆளைத் தேட வேண்டும்.

சான் அன்டோனியோ பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் கடை ஒன்றில் கிடைத்தார் அந்த ஆள். தொலைபேசியில் "பேலன்ஸ் செய்யணும்" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்: "வண்டி எவ்வளவு நாளா நிக்குது, சார்? நேரா கிளம்பி வராதீங்க, அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க." காரணம் இருக்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார்ஹோமின் டயர்கள் தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிப் போயிருக்கும். ஓடிச் சூடேறினால்தான் உருண்டு பழைய வடிவத்துக்கு வரும். குளிர்ந்த டயரை அளந்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்தாகிவிடும்.

வண்டியைத் தூக்கியதும் அவர் மெஷின் பக்கமே போகவில்லை. ஒரு காந்தத் தாங்கியில் டயல் கேஜ் மாட்டி, அதன் முனையை டயரின் நடு வரியில் தொட வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டினார். ஊசி போகிறது, போகிறது, திரும்பி வருகிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் 90 பங்கு ஆட்டம்! இரண்டேகால் மில்லிமீட்டர். என் காகிதக் கணக்கு மனத்தில் ஓடியது. "ஆஹா!" என்று நான் கத்தியதைக் கேட்டு அவர் விநோதமாகப் பார்த்தார். தன் டயர் கோணல் என்று கேட்டுக் குதூகலிக்கும் வாடிக்கையாளர் அவருக்கு அடிக்கடி வரமாட்டார்கள்.

அடுத்து அவர் காட்டியது டயரின் பக்கச்சுவரில், ரிம்முக்குச் சற்று மேலே வட்டமாக ஓடும் மெல்லிய கோடு. எல்லா லாரி டயரிலும் இருக்கிறது. நான் அதுவரை கவனித்ததே இல்லை. டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். டயர் ரிம்முக்குள் முழுசாக ஏறவில்லை. இவ்வளவுதான் விஷயம்! காற்றை இறக்கி, விளிம்பில் வழவழப்புத் தடவி, சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து மறுபடி காற்று ஏற்றினார். 'டப், டப்' என்று இரண்டு சத்தம். கோடு சுற்றிலும் ஒரே சீராக நின்றது.

அதோடு விட்டாரா? ரிம்மையும் தனியாக அளந்து அதன் தாழ்வான இடத்துக்குச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டார். டயரின் மேடான இடத்தை அந்தத் தாழ்வுக்கு நேரே சுற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். புது டயரில் பல கம்பெனிகள் இதற்காகவே சிவப்புப் புள்ளி வைக்கின்றன; மஞ்சள் புள்ளி இருந்தால் அது இளப்பமான இடம், காற்றுக்குழாய்க்கு நேரே வர வேண்டும். மறுபடி டயல் கேஜ். ஊசி இந்த முறை ஆயிரத்தில் 30 பங்குக்குள் அடங்கியது. இன்னும் ஒரு கிராம் எடைகூட வைக்கவில்லை!

அப்புறம்தான் மெஷின். இங்கேயும் ஒரு நுணுக்கம். இந்தக் காலத்து அமெரிக்க லாரிச் சக்கரங்கள் நடுத்துளையை வைத்தே ஹப்பில் மையம் கொள்கின்றன. மெஷினிலும் அதே துளையில் சரியான கூம்பு உட்கார்ந்தால்தான் மையம் மையமாக இருக்கும். அது சரியா என்று கண்டுபிடிக்க அவர் செய்த வேலையை நீங்கள் எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம்: சுழற்றி எண்ணைப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தளர்த்தி, தண்டில் அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றுவது. இரண்டு தடவையும் ஒரே இடம், ஒரே எண் வந்தால் மெஷின் உண்மை பேசுகிறது. வேறு வேறாக வந்தால் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கிறது. அதை நம்பிக் கட்டி தட்டினால் கெடுதல்தான். எங்களுக்கு ஒரே எண் வந்தது. அலுமினிய ரிம் என்பதால் பூச்சு பூசிய கட்டிகளாகத் தேர்ந்தெடுத்துத் தட்டினார். வெற்று இரும்பு பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். மறுபடி சுழற்றியபோது திரையில் பூஜ்யம், பூஜ்யம். வட்டம் சரியானபின் தேவைப்பட்ட எடையும் பழைய கட்டிகளில் பாதிகூட இல்லை!

ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு சக்கரத்தை மாட்டினார். பத்து நட்டுகளையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, முடிவில் நீளமான டார்க் ரெஞ்சால் 450 பவுண்டு-அடிக்கு மேல் வைத்தார். இந்தப் பத்து நட்டுச் சக்கரங்களுக்கு 450 முதல் 500 வரை. ரெஞ்ச் 'க்ளிக்' என்றபோது என் மனத்திலும் ஏதோ க்ளிக் என்றது. கிளம்பும்போது, "நூறு மைலுக்குள்ள ஒரு தடவை நட்டைச் செக் பண்ணிடுங்க" என்றார். அதுவும் செய்தோம், அசையவில்லை.

அப்புறம் பாருங்கள் அந்தப் பயணத்தை! ஐ-10இல் மேற்கே, ஜங்ஷன், சொனோரா, ஒசோனா என்று மேட்டுநிலங்கள் நீண்டுகொண்டே போகும் சாலை. அங்கே வேக வரம்பு 80 மைல். எங்கள் டயரின் வேக எல்லை 75 என்பதால் நான் 65ஐத் தாண்ட மாட்டேன். தாண்ட ஆசையும் வரவில்லை. 50, 55, 60. வழக்கமாக நடுக்கம் தொடங்கும் இடத்துக்காகக் கைகள் காத்திருந்தன. வரவே இல்லை. 65. ஒன்றுமில்லை! ஸ்டீரிங்கை இரண்டு விரலால் பிடித்தேன். கண்ணாடியில் பின்னால் வந்த லாரியின் முகப்பு எழுத்துகளைத் திருப்பிப் போட்டு வாசித்தேன். மனைவி கைபேசியை வைத்துப் பார்த்தார். 9இல் இருந்த கோபுரம் ஒரு சின்ன மேடாகப் படுத்துவிட்டது. "என்னங்க, இப்பதான் இன்ஜின் சத்தமே கேக்குது" என்றார். உண்மைதான். அத்தனை நாளும் அந்த நடுக்கம் எல்லாச் சத்தத்தையும் மூடிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் ஸ்டாக்டனில் தெற்கே திரும்பி, 385ஆம் சாலையில் மாரத்தான் ஊரைக் கடந்து பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போனோம். இறங்கியபோது எனக்குத் தோள் வலி இல்லை, கை மரத்துப்போகவில்லை. இன்னும் நூறு மைல் ஓட்டியிருப்பேன்!

மோட்டார்ஹோம் வைத்திருக்கிறவர்களுக்கும், வாடகைக்கு எடுத்து அமெரிக்காவைச் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கும் அடித்துச் சொல்கிறேன். நடுக்கம் வந்தால் உடனே பேலன்ஸ் பொருள் எதையும் வாங்காதீர்கள். லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) என்ற எடைமேடையில் அச்சுவாரியாக எடை போட்டு, டயர் கம்பெனியின் அட்டவணைப்படி காற்றழுத்தம் வையுங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்த டயர். ஓட்டம் குறைவாக இருக்கும் மோட்டார்ஹோமில் டயர் தேய்வதற்குள் கிழடாகிவிடும். கிழட்டு டயருக்கு பேலன்ஸ் வீண். பிறகு எந்த வேகத்தில் நடுக்கம் என்று கவனியுங்கள். வேகம் ஏற ஏறச் சட்டென்று பெருகினால் எடைக் குறை. 35, 40 மைலிலேயே லேசாகத் துள்ளத் தொடங்கினால் வட்டக் குறை. கடைக்காரரிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று முகம் மலர்ந்தால் அவர்தான் உங்கள் ஆள்!

இப்படிச் சொல்வதால் மணிக்கும் வளையத்துக்கும் நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மணி போடுகிறவர்கள் காற்றுக்குழாயில் வடிகட்டி வைத்த வால்வு போட வேண்டும்; இல்லாவிட்டால் குருணை அடைத்துக்கொண்டு காற்று ஒழுகும். உள்ளே ஈரம் இருந்தாலும் கட்டி தட்டிவிடும். இவற்றைப் பார்த்துச் செய்தால் மாதக்கணக்கில் சாலையிலேயே வாழ்கிறவர்களுக்கு அது ஒரு வசதிதான். வளையத்தின் உண்மையான இடம் பின்னால் என்பது என் கட்சி. அங்கே உள்சக்கரம் வெளிச்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அடிக்கடி கழற்றி பேலன்ஸ் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு தகடு அங்கே இருந்தால் நல்லதுதானே? ஆனால் அதை மாட்டும் முன் போல்ட்டின் நீளம் போதுமா, தகட்டின் கனம் போக ஹப்பின் மையவிளிம்பு சக்கரத்தைப் பிடிக்குமா என்று பார்த்தாக வேண்டும். எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டேன். "அளந்துட்டுச் சொல்றேன்" என்றார். பின்சக்கரம் நான்கையும் கழற்றும் நாளுக்காகத்தான் இப்போது காத்திருக்கிறேன். வளையம் மாட்டுவோமோ இல்லையோ, அந்த நாலுக்கும் முதலில் வட்டம் பார்த்துத்தான் விடப்போகிறோம்!